பதினொன்று, அப்புறம் ஒன்று

எங்கள் வீட்டில் பியானோ இல்லை.
கைகள் இருக்கின்றன, பதினொன்று.

முதல் கை வந்தது
கொடைக்கானல் ஏரிக்கு மேலே பூட்டப்போன பங்களா ஏலத்தில்.
நான் பார்த்து வைத்தது தையல் மிஷினை.
சவரிராயன் கைதூக்கியது ஒரு கைக்கு.
வெள்ளை மாவு, மணிக்கட்டோடு நின்றது.
அடியில் பென்சிலில் வியன்னா,
வாயில் நுழையாத ஒரு பெயர்.
பெரிய பியானோக்காரராம்,
உலகமே எழுந்து நின்று கைதட்டியதாம்.
எனக்கு அது பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கும் கை.

இவர் அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறவர்.
குதிரையிலிருந்து, பைக்கிலிருந்து
சீசனுக்கு வந்து விழுகிறவர்கள் எலும்பெல்லாம்
இவரிடம்தான் வரும்.
ஆறு வாரத்தில் வெட்டிக் குப்பையில் போடும் மாவு
நூறு வருஷமாக ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறதே
என்பார், ராத்திரி, விளக்கணைத்த பிறகு.

பிறகு கொல்கத்தாவிலிருந்து, புதுச்சேரியிலிருந்து பார்சல்.
வைக்கோலை விலக்கினால் விரல்.
தபால்காரர் இருதயம் ஒருமுறை கூட நின்று பார்த்தார்.
அன்றிலிருந்து கேட்டோடு கையெழுத்து வாங்கிப் போகிறார்.

ஐப்பசியில் மேகம் ஜன்னல் வழியே வந்து உட்காரும்.
மாவுக்கு வியர்க்கும்.
பீரோவுக்குள் நாற்பது வாட் பல்பு போட்டார்.
எனக்கு முழங்கால் வலி,
எனக்குப் பல்பு இல்லை.

ஏழாவது, ஒரு பெண்ணின் கை.
சுண்டுவிரலைத் தடவியவர் நிமிர்ந்தார்:
"உடைஞ்சு கூடினது. நேரா வைக்காமக் கட்டியிருக்கான்."
அன்று அவர் சாப்பிடவில்லை.
யாரோ, எந்த ஊரிலோ கட்டிய கட்டு.

தை மாதம் ரெஸ்மேரி டீச்சரை அழைத்து வந்தார்.
மூஞ்சிக்கல் கோவிலில் ஞாயிறுதோறும் வாசிப்பவர்.
அவருக்கும் எழுந்து நிற்கிறோம்,
பூசையில் எப்படியும் நிற்க வேண்டும்.

எண்ணெய் தடவி, நூல் வைத்து, மாவு ஊற்றி,
"பன்னிரண்டு நிமிஷம் ஆட்டக்கூடாது டீச்சர்."
இறுகும்போது மாவு சுடும்.
"இந்தக் குளிருக்கு இதமா இருக்கே" என்றார்.
நான்காம் நிமிஷம் என் குக்கர் விசிலடித்தது.
டீச்சர் வாய்க்குள் எதையோ முனகினார், அதே சுருதியில்.
விரல்கள் கேட்கவில்லை.

மறுநாள் அச்சை உடைத்தால்
மோதிரவிரல் இரண்டு.
கட்டைவிரல் நடந்து போன தடம்.
முட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் அலை.
"கெட்டுப்போச்சு," ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னார் சவரிராயன்.

பல்பு வெளிச்சத்தில் பதினொரு பேரும்
சொன்ன பேச்சைக் கேட்டு
அசையாமல் இருக்கிறார்கள்.
கெட்டுப்போனது சமையலறையில், அடுப்புக்கு மேல்.
துவைத்த கம்பளிக் கையுறையை அதில்தான் மாட்டுகிறேன்.
நான்கு விரலும் காலைக்குள் காய்ந்துவிடும்.
ஒன்று மட்டும்
இரட்டை விரலில் நுழையாமல் பாதியில் தொங்கி
சொட்டும்.
தாளம் போட்டுச் சொட்டுகிறது என்கிறார் இவர்,
காப்பியை ஆறவிட்டுக்கொண்டு.
நான் அப்படிச் சொல்லமாட்டேன்.
சொட்டுகிறது.