பத்து விநாடி

ஓய்வூதிய நாள்.
ஃப்ரே பென்தோஸில் காலை ஏழு மணிக்கே
ஆற்றுப் பனி தெருவுக்கு ஏறி வந்து
வரிசையின் கடைசியில் நின்றுகொண்டது,
இருபத்திரண்டு பேருக்குப் பின்னால்.

ஏடிஎம் திரையில் தொகை கேட்கும் பெட்டி இல்லை.
ஒரு பச்சைக் குன்று, மேலே நீல வானம்,
மூலையில் தனியாக ஒரு குப்பைக்கூடைப் படம்.
"இதே மலைதான் என் மருமகன் வீட்டிலும்"
என்றார் எக்ஸெகியேல்.
"அவனிடமிருந்தும் உமக்குப் பணம் வந்ததில்லையே"
என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
குளிரிலும் வரிசை சிரித்தது.
நான் சாவிக்கொத்தோடு பின்கதவைத் திறந்தேன்.

உள்ளே இருப்பது சாதாரணக் கணினி.
இரும்புக் கோட்டு மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.
அதே விசிறி, அதே தூசி,
கவரில் காலாவதி தேதி மறைந்துபோன
அதே பழைய இயங்குதளம்.

போன மார்ச்சில் மெர்செதெஸ் கிளையில்
இதற்காகவே ஒரு கூட்டம் போட்டார்கள்.
மேலாளர் இர்மா சொசா கேட்டார்:
எது மலிவு?
மொந்தெவிதேயோவிலிருந்து வந்தவர் கேட்டார்:
உடைந்தால் யாரைக் கூப்பிடுவது?
அதற்கு, யார்மேல் பழி போடுவது என்று பொருள்.
தெரியாத தேவதையைவிடத்
தெரிந்த பேயே மேல் என்று
பிஸ்கட் தட்டு காலியாகும்வரை பேசினார்கள்.
லினக்ஸ் என்று ஒருமுறை சொன்னேன்.
"அது உன் வீட்டுக்காரர் பேச்சு, நெல்பா"
என்றார் இர்மா, அன்பாகத்தான்.

அவருக்குத் தெரியாது,
வால்தெமார் அப்போதே பாலம் கடந்து
அர்ஜென்தீனப் பக்கம் போய்
ஒரு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் ஒரே கணினி.
வட்டை இரண்டாகப் பிரித்தவர் அவர்:
உனக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ்,
சண்டை வேண்டாம் என்று.
வட்டில் சண்டை வரவே இல்லை.
சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை,
இரண்டு பெயர்கள்,
பத்திலிருந்து இறங்கும் எண்.
யாரும் எதையும் தொடாவிட்டால்
முதல் வரி திறக்கும்.
முதல் வரி அவருடையது.

பதினான்கு மாதமாக
மாட்டேக்கு வெந்நீர் வைக்கப் போய்
பத்து விநாடியைத் தவறவிடுகிறேன்.
திரும்பி வந்தால் அவர் பெயர்,
அவர் கடவுச்சொல்லுக்கான வெற்றுக் கட்டம்.
மறுபடி அணைத்து, மறுபடி போட்டு
என் வரிக்கு இறங்குகிறேன்.
வரிசையை மாற்ற ஒரு நிமிடம் போதும்.
இதைத் தொழிலாகச் செய்பவள் நான்.

இன்று பையில் தலைமையகம் அனுப்பிய பென்டிரைவ்.
ஒருவழியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.
எதை என்று சொல்லமாட்டேன்,
ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பத்தி இருக்கிறது.
எந்தப் பேயானாலும்
வரிசைக்குத் தேவை நூறு பெசோ நோட்டுகள்.

பழைய பகுதியை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா
என்று இயந்திரம் கேட்டது.
இரண்டு பட்டன்கள்.
எண் எதுவும் இறங்கவில்லை.
நான் சொல்லும்வரை காத்திருந்தது.
வெளியே யாரோ இருமினார்கள்.
அழி.

குன்று போயிற்று, வானம் போயிற்று.
நாற்பது நிமிடத்தில்
எக்ஸெகியேல் நோட்டுகளை இருமுறை எண்ணி
"மலை நன்றாக இருந்தது" என்று
குறை சொல்லிவிட்டுப் போனார்.

இரவு வீட்டில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.
கறுப்புத் திரை. இரண்டு பெயர்கள். பத்து. ஒன்பது.
வட்டின் அவர் பாதியில் என்ன இருக்கிறதோ,
வரிக் கணக்கோ, மீன்பிடிப் படங்களோ.
அழிக்கவில்லை.
வரிசையையும் மாற்றவில்லை.

என் பக்கம் நுழைந்து
அமைப்புக் கோப்பைத் திறந்து
பத்தை மட்டும் மூன்றாக்கினேன்.

மூன்று விநாடியில்
அடுப்பருகே போய்த் திரும்ப முடியாது.
நாளைமுதல்
சுவிட்சைப் போட்டால்
உட்கார்ந்திருக்க வேண்டும்.