விலகியவர்கள் ஏழு

காலையில் முதல் வேலை நுரையைப் பார்ப்பது.
பத்து எண்ணுவதற்குள் அடங்குகிறதா,
சவர்க்காரத் தண்ணீர்போல் நிற்கிறதா.
அதற்குப் பிறகுதான் பல் துலக்குவேன்.

அலுவலகம் நொவீனாவில், பதினோராம் மாடி.
மற்றவர்கள் செய்த ஆய்வுகளை அலசி
தேறும், தேறாது என்று
பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டமிடுவது என் பிழைப்பு.
இந்த மாதம் மேசைக்கு வந்திருப்பது ஒரு கொடி.
லெய் கொங் தெங்.
இடிக்கடவுளின் கொடி என்று பொருள் சொன்னாள் சியூ ஹூன்.
அவளுக்குத் தெரியாது
அட்டவணையில் இருக்கும் சிறுநீரக அழற்சி
பக்கத்து நாற்காலியிலும் இருக்கிறது என்று.

பதினாறு ஆய்வுகள்.
ஒன்றில் நாற்பது பேர், ஒன்றில் முப்பத்தெட்டு.
சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம் என்கிறார்கள்,
யார் குலுக்கியது, எப்படி என்று எழுதவில்லை.
யாருக்கு எந்த மாத்திரை என்பது
கொடுத்தவருக்கும் தெரியும், விழுங்கியவருக்கும் தெரியும்.
மூன்று மாதத்தில் புரதம் இறங்கியதாம்.
மூன்று வருடத்தில்?
அதுவரை யாரும் காத்திருக்கவில்லை.
சிவப்பு. மஞ்சள். சிவப்பு.
ஆனாலும் வரைபடத்தின் கோடுகளெல்லாம்
வளைவில் திரும்பும் பேருந்தில் நிற்பவர்கள்போல
ஒரே பக்கம் சாய்கின்றன.
அந்தச் சாய்வைத்தான்
மதிய உணவு நேரம் முழுக்கப் பார்த்திருந்தேன்,
உப்பில்லாத சோற்றைப் பிசைந்தபடி.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டுமாம்.
என் சிறுநீரகங்கள்
ஒரு கல்லையும் மறப்பதில்லை.

சனிக்கிழமை, தோ பாயோ.
கோ பூன் லியாங் கடையின் இழுப்பறைகளுக்கு முன்
பெயரைச் சொன்னதும்
தராசிலிருந்து கையை எடுத்தார்.
"அது நம்ம கடையில் இல்லை.
வேரின் தோல் விஷம்,
சீவத் தெரியாதவன் சீவினால் ஆள் காலி."
பிறகு, சம்பந்தமில்லாமல்:
"பிள்ளை இருக்கா உனக்கு?"
கோபம் வந்தது.
குடையைக்கூட மறந்துவிட்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை, பன்னிரண்டாம் ஆய்வு.
மூலிகைப் பிரிவில் விலகியவர்கள் ஏழு.
காரணம் தரப்படவில்லை.
வயது வரிசையைத் தேடினேன்:
எழுவரும் பெண்கள்,
இருபத்து நான்கிலிருந்து முப்பத்து மூன்றுக்குள்.

தமிழில் பந்தலேறுவதும் கொடி,
தொப்புளில் தொடங்குவதும் கொடி.
ஒன்று படர
ஒன்று கருகியதா?
மாதாமாதம் வருவது நின்றுபோய்
ஒருத்தி நாள்காட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளா?
ஊர் மாறிப் போனார்களா வெறுமனே,
பேருந்துக் கட்டணம் கட்டுப்படியாகவில்லையா?
ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.
முகவரி செயலில் இல்லை என்று திரும்பிவந்தது.

கட்டத்தில் தட்டினேன்: தெளிவில்லை.
மஞ்சள்.
கடைசி வரியில்: சான்றின் உறுதி மிகக் குறைவு.
குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை
என்பதை வாசிப்பவர்களுக்கு விளக்க
ஒரு பத்தி இருக்கிறது.
அதை எழுதியதும் நான்தான்.
சியூ ஹூன் எட்டிப் பார்த்துக் கேட்டாள்,
"நீயாக இருந்தால் சாப்பிடுவாயா?"
அச்சுப்பொறி சத்தத்தில்
காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன்.

இன்று காலை
பதினான்கு வரை எண்ணினேன்.