கீழே கொஞ்சம் இடம்

சொடுக்கு விழவில்லை.
விரலைத் தேய்த்தால் அம்பு ஓடுகிறது.
ரொபிகுல், நூற்றுப் பன்னிரண்டு குலை.
சுதர்மோ, தொண்ணூற்றெட்டு.
இறங்கி இறங்கி
‘அனுப்பு’ என்ற பச்சைப் பொத்தான் மேல்
ஈயைப் போல் உட்கார்ந்துகொள்கிறது.
அழுத்தினால் கல்.

நாளை சம்பளம்.
எடைமேடையில் செம்பனை லாரி ஹாரன் அடிக்கிறது.

அணைத்துப் போட்டேன்.
அணைத்து, அரை கிளாஸ் மைலோ குடித்து,
மறுபடி போட்டேன்.
பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஓரமெல்லாம் துடைத்ததில்
நாலு வருஷத்து பிஸ்கட் தூள் வந்தது.
அமைப்புக்குள் போய் ஏதோ ஒரு குறியை எடுத்தேன்,
பயந்து திரும்ப வைத்தேன்.
ஒரு சம்பளச் சீட்டை மடித்து இடுக்கில் செருகினேன்,
காகிதத்துக்கே வழியில்லை.

“எண்ணெய்க் கையோடு தொட்டிருப்பீங்க, கிராணியம்மா”
என்றார் மேனேஜர்.
ஆலையில் இருந்துகொண்டு அதைச் சொல்கிறார்.
மவுஸ் கேட்டு நான் எழுதிய தாள்
மார்ச்சிலிருந்து அவர் மேஜையில்தான் இருக்கிறது.

கடைசியில் டேப் விசை.
நாற்பத்தொரு தட்டில்
பச்சைப் பொத்தானைச் சுற்றி மெல்லிசாய் ஒரு கோடு வரும்.
எண்ணிக்கொண்டே போனேன்.
முப்பத்தாறில் லாரிக்காரன் எட்டிப் பார்த்து
“எடை எவ்வளவு?” என்றான்.
மறுபடி ஒன்று.

ஐந்தரைக்கு, பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
ஆ கியோங்கின் கைப்பேசிக் கடை.
அவன் திறக்கவில்லை, அழுத்தவுமில்லை.
கண்ணாடி மேல் வைத்து ஒற்றை விரலால் சுண்டினான்.
பம்பரமாய்ச் சுற்றியது.
“கெம்போங்” என்றான், தன் வயிற்றைத் தட்டிக்காட்டி.

உள்ளே பேட்டரி
எண்ணெயில் போட்ட அப்பளமாய் எழும்பி நின்றது.
மேலே ஒரு குறையுமில்லை.
கீழிருந்து அது முட்டிக்கொண்டிருக்க
நான் மேலிருந்து நாள் முழுக்க அழுத்தியிருக்கிறேன்.
விழுவதற்கு ஒரு நகத்தளவு பள்ளம் வேண்டும்,
அதுகூட இல்லை.

காலாவதியான வங்கி அட்டையை விட்டு
மெதுவாய், மூச்சைப் பிடித்து, நெம்பி எடுத்து
மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் போட்டான்.
இருபது வெள்ளி.
இனி வயரோடுதான் இதற்கு உயிர்,
மின்சாரம் போனால் இதுவும் போகும் என்றான்.
போகட்டும்.

தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில்
மடியில் வைத்துத் திறந்தேன்.
இருட்டுத் திரை. அனுப்ப ஒன்றுமில்லை.
டக்.
டக்.
பக்கத்து இருக்கை நேப்பாளிப் பையன்
என்னைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான்,
கொஞ்சம் தயங்கி
தானும் ஒரு தரம் அழுத்தினான்.