காயம்பட்டவன் வேடம்

வேல்ஸ் மலையில் அக்டோபர் மழை.
ஆட்டுப்பட்டிக் கற்சுவரோரம் கிடக்கிறேன்:
இட்வால், வயது அறுபத்திரண்டு,
தபால் வண்டி ஓட்டி ஓய்ந்தவன்.
தொடையில் ரப்பர்க் காயம், அதற்குள் ஒரு குழாய்.
அக்குளில் இருக்கும் பந்தை அமுக்கினால்
ரத்தம் பீறிடும்.
நாள் கூலி. தகரக் குவளையில் சூப்பு.

இரண்டு நாளாய் வந்துகொண்டே இருக்கிறார்கள்
பதினொரு நாட்டுச் சிப்பாய்கள்,
யார் பெரியவன் என்று
மலையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள.

ஊர் மதுக்கடையில் பந்தயம் கட்டியாயிற்று.
கசாப்புக்கடை மெர்வினுக்கு எல்லாம் தெரியும்:
எவன் பனியில் தூங்குவான்,
எவன் பாம்பைத் தின்பான்,
எவன் தோற்றால் அழுவான்.
அவன் யார் தோளிலும் ஏறியதில்லை.
நான் ஏறியிருக்கிறேன்.

போலந்துக்காரர்கள் நாற்பது வினாடியில் கட்டுப் போட்டார்கள்.
அலறினேன், அலறத்தானே கூலி.
தலைவன் கடிகாரத்தைப் பார்த்தான்.
பிரேசில்காரன் ஒருவன்
என் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுத்தான்
கத்தரியை எடுத்தான்;
நடுவர் அதற்கும் மதிப்பெண் குறைத்தாள்.
பேர்போன கமாண்டோக்கள், எங்கள் நாட்டுப் பையன்கள்தான்,
ஓடையில் என்னைப் போட்டுவிட்டார்கள்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
இதை மெர்வினிடம் சொல்லவில்லை.

எண்ணுவது மட்டும் அவரவர் மொழியில்.
ஒன்று, இரண்டு என்பது எப்படி ஒலித்தாலும்
மூன்றில்தான் தூக்குகிறார்கள், எல்லாரும்.

விடியுமுன் கடைசி அணி.
வழி தப்பி நாலு மணி நேரத் தாமதம்.
தோள்பட்டைக் கொடியைச் சேறு மூடியிருந்தது.
நொண்டி வந்த ஒருவன் காலணிக்குள்
நிஜ ரத்தம்.
பந்தை அமுக்கினேன்.
குழாய் எங்கோ மடங்கிக்கொண்டது,
ஒரு சொட்டு வரவில்லை.
வராத ரத்தத்தை அந்த நொண்டிப் பையன்
முழங்காலை என் தொடையில் ஊன்றி
முழு எடையையும் போட்டு அடைத்தான்,
பல் கிட்டித்துப்போய், கண்ணை மூடிக்கொண்டு.
உயிர் போகிற வலி.
அலற மறந்துவிட்டேன்.

"நடிப்பு போதாது" என்று எழுதிக்கொண்டாள் நடுவர்.

சனிக்கிழமை மெர்வின் கேட்டான்:
"எவன்டா கெட்டிக்காரன்?"
"தங்கம் கூர்க்காக்களுக்கு" என்றேன்.
"நான் சொல்லவில்லை?" என்று
பந்தயப் பணத்தை எண்ணினான்.

தொடையில் ஒரு முழங்கால் அகலத்துக்கு
நீலமாய்க் கன்றியிருந்தது.
இரண்டு நாளில் பச்சை ஓரம் கட்டியது,
பிறகு மஞ்சள்.
குளியலறை விளக்கடியில் நின்று
வெகுநேரம் பார்த்தேன்,
எந்த நாட்டுக் கொடியாக இருக்கும் என்று.