என்ன கூட்டமுங்க

எங்கள் பக்கம் முதல் கேள்வி அதுதான்.
பஸ்ஸில் பக்கத்து சீட்டு, பெண் பார்க்கப் போன வீடு,
ரிக் வண்டிக்கு டீசல் பிடிக்கிற வரிசை,
எங்கே நின்றாலும்
நீங்க என்ன கூட்டமுங்க?
காடைங்க என்றால்
கேட்டவர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு
மாமனா பங்காளியா என்று தீர்த்துக்கொண்டு
அப்புறம்தான் மழையைப் பற்றிப் பேசுவார்.

திருச்செங்கோட்டு ரிக்கில் பதினெட்டு வருஷம்.
அடுத்தவன் காட்டில் ஆயிரம் அடி இறக்கி
புகை மட்டும் வந்தால்
கம்பியை உருவிக்கொண்டு அடுத்த ஊர்.
ராத்திரி கம்ப்ரசர் நின்ற பிறகும்
காதுக்குள் அது நிற்காது.
அதை நிறுத்தத்தான் முதல் குவார்ட்டர்.
பிறகு ஊரில் சும்மா இருந்த நாட்களிலும்.

கோகிலாமணி கத்தவில்லை.
ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம்
நர்ஸ் எழுதிக் கொடுத்ததை
என் அங்கராக்குப் பையில் வைத்து
பையின் வாயை ஊக்கால் குத்திவிட்டாள்.
செவ்வாய், ஆறரை, மஞ்சள் மண்டிக்குப் பின்னால்.

ஈரோட்டில் கடை எங்கே என்றால்
பால்குடிப் பிள்ளையும் கை காட்டும்.
இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
பூக்காரியிடம் கூட்டம் என்று இழுத்தேன்.
கட்சிக் கூட்டமா, சீட்டுக் கூட்டமா என்றாள்.
ஆட்டோக்காரர் ஜெபக் கூட்டத்தில் இறக்கிவிட்டார்.
மரியாதைக்குப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.
கடைசியில் பாருக்குத்தான் போனேன்.
ஆமாம், கேட்கத்தான்.
பாதி கேட்கத்தான்.
முட்டை போடுகிற பையன் கல்லைச் சுரண்டியபடி சொன்னான்:
மண்டி தாண்டி ஒரட்டாங்கைப் பக்கமுங்ண்ணா,
நூல் குடோனுக்கு மேல மாடி.
வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் கேக்கறாங்க.
சுண்டல் வேணுங்களா?

பதினேழு படி.
அந்தச் செவ்வாய் ஐந்தாம் படியோடு திரும்பினேன்.
அடுத்த செவ்வாய் பதினொன்று.
மூன்றாவது வாரம் மேலே யாரோ சிரிக்கிற சத்தம்.
குடிக்காமல் இவனுகளுக்கு என்ன சிரிப்பு?
கோபம்தான் மீதிப் படியை ஏற்றிவிட்டது.

பந்தல்காரன் பேர் எழுதிய பிளாஸ்டிக் நாற்காலிகள்,
ஒரு ஃபேன், சுவரெல்லாம் மஞ்சள் நெடி.
யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.
இனிஷியல்கூட வேண்டாம் என்றார்கள்.
கேட்காதது எனக்குத்தான் அரித்தது.
பக்கத்திலிருந்தவரின் வேட்டிக்கரை, விரல், பேச்சின் இழுப்பு
எல்லாவற்றையும் வைத்து
யாராக இருக்கும் என்று துழாவிக்கொண்டிருந்தேன்.
டீ வந்தது. ஒரே தட்டு, ஒரே மாதிரி டம்ளர்.
அவர் எழுந்தார். பேரு மாரப்பன், குடிநோயாளி, தறி ஓட்டறேன்.
மகள் காதுகுத்துக்கு வாங்கிய கம்மலை
காது குத்தும் முன்பே விற்றதைச் சொன்னார்,
என்ன விலைக்குப் போனது என்பது உட்பட.
என் கணக்கில் அது ஓர் ஆட்டுக்குட்டி.
மகன் அதற்குப் பேர் வைத்திருந்தான்.
என் முறை வந்தபோது
சென்னியப்பன், என்றேன்.
அதற்குமேல் புகைதான் வந்தது.
பரவால்லீங்க, உக்காருங்க, என்றார்கள்.

ஆடி நோம்பிக்கு ஒருமுறை வழுக்கினேன்.
நாற்பத்து மூன்று நாள் மறுபடி ஒன்றுக்கு வந்தது.
மாரப்பன் போனில் திட்டவில்லை.
பஸ் ஏறிட்டீங்களா என்று மட்டும் கேட்டார்.
ஏறவில்லை. ஏறிட்டேன் என்றேன்.
பிறகு அந்தப் பொய்க்காக ஏற வேண்டியதாயிற்று.

போன மாதம் பெருந்துறையில் ஒரு கல்யாணம்.
பக்கத்து இலைக்காரர்
ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தபடி கேட்டார்,
நீங்க என்ன கூட்டமுங்க?

செவ்வாய்க்கெழமைக் கூட்டமுங்க.
நாக்கு அதுவாகச் சொல்லிவிட்டது.

எதிர்வரிசையில் கோகிலாமணி
இலைக்குள் முகத்தைக் குனிந்துகொண்டாள்.
சிரித்தாளா, தெரியவில்லை.
அவர் கொஞ்சம் யோசித்தார்.
கேள்விப்பட்டதில்லீங்களே. கோயில் எந்த ஊருங்க?

ஈரோடுங்க, என்றேன்.
படி ஏறோணும்.