சமவுயரக் கோடுகள்

ஒக்டோபரைக் கிழித்து அதன் முதுகில்
சொரெண்டோவிலிருந்து சலேர்னோ வரை
ஒரு கரை வரைந்தேன்.
நில அளவைக் கந்தோரில் மதியச் சாப்பாட்டு நேரம்.
இருபத்தாறு வருடம் ஊரார் காணிக்கு எல்லை கீறிய பென்சில்
முதல் தடவையாக
யாரும் வழக்குப் போடாத ஒரு கோட்டைப் போட்டது.

ஐம்பது கிலோமீற்றர் சொச்சம். அவ்வளவுதான்.
இங்கிருந்து புல்மோட்டைக்குப் போகிற தூரம்.
வளைவுகளை எண்ணத் தொடங்கிய நஸீஹா
நூற்றி நாற்பதில் கைவிட்டாள்,
பிட்டு ஆறுகிறதென்று.

கோடையில் அந்த றோட்டில்
ஒற்றை இலக்க வண்டிக்கு ஒருநாள்,
இரட்டை இலக்கத்துக்கு மறுநாளாம்.
"பெற்றோலுக்கு வரிசையில நின்ட வருசம் மாதிரி" என்றாள்,
"நமக்கு அது பழக்கம்தானே."
சேத்தாரா என்றோர் ஊர்.
நெத்தலியை உப்பிலிட்டுச் சாறு இறக்கிப்
போத்தலில் விற்கிறார்கள்.
நெத்தலிக்கா இவ்வளவு தூரம் என்று வெட்டினாள்.
போத்தலின் விலையைச் சொன்னேன்.
திரும்பவும் எழுதினாள், கொட்டை எழுத்தில்.

சமிந்தவின் அக்கா பதினொரு வருடமாய் நாப்போலியில்.
ஒரேயொரு தடவை அந்த வழியால் பஸ்ஸில் போனவள்.
எப்படி இருந்தது என்று கேட்டனுப்பினோம்.
குரல் பதிவு வந்தது:
"நான் கண்டதெல்லாம் ஒரு ஷொப்பிங் பையின் உட்பக்கம்."

ஞாயிறு விடிய முன்னம்
வெறும் மைதானமொன்றில்
வலப்பக்கம் ஓட்டிப் பழகுகிறேன்,
நஸீஹாவின் மச்சானுடைய வானில்.
போன கிழமை ஒரு மான் நடுவில் நின்றது.
அதற்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.
ஹோன் அடித்தேன். நான்தான் திடுக்கிட்டேன்.

சண்டை வந்தது திசையில்.
கிழக்கே போனால் வண்டி கடலோரம்,
மேற்கே வந்தால் மலையோரம்.
ஓட்டப்போகிறவள் நான்.
சுவாமிமலையில் இராவணன் வெட்டை எட்டிப் பார்க்கவே
கம்பியை இரண்டு கையாலும் பிடிக்கிறவள்.
சலேர்னோவில் தொடங்குவோம் என்றேன்,
மலையை உரசிக்கொண்டே வந்துவிடலாம்.

அவள் பதில் சொல்லவில்லை.
எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து
கிண்ணியாத் தாளைக் கொண்டுவந்து விரித்தாள்,
சோற்றுப் பருக்கையைக்கூடத் துடைக்காமல்.
"எத்தன கோடு இருக்கு, பாருங்க யோகக்கா."

நான் வரைந்த தாள்தான்.
துறை, பள்ளிவாசல், வயல், களப்பு.
சமவுயரக் கோடு ஒன்றுகூட இல்லை.
எல்லாம் ஒரே மட்டம்.
அந்த டிசம்பரில் அவள் எதில் ஏறினாள் என்று
இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை.
தென்னை என்று யாரோ சொன்னார்கள்.
யார் ஏறவில்லை என்பதை
யாரும் சொல்லவில்லை.

"அது ஏறி வர ஏலாத இடத்துல இருந்து
ஒருநாள் முழுக்க அதப் பாக்கணும்.
நான் இருக்கிற பக்கம் உங்கட மல வேணாம்."

அழிறப்பரைத் தேடினேன். கிடைக்கவில்லை.
எச்சில் தொட்டு விரலால் தேய்த்து
அம்புக்குறியைத் திருப்பினேன்.
கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நெருங்கி
வெறும் கறுப்பாகிற இடம் ஒன்று,
பொசித்தானோ தாண்டி.
அங்கே இரண்டு இரவு என்று எழுதினேன்.
விலை பார்க்கவில்லை.
விசாவுக்குக் காட்ட வேண்டிய காசில்
பாதிகூட இன்னும் சேரவில்லை.
இரண்டு சீட்டும் விழுந்தால் பார்க்கலாம்.

ஒன்றரை ஆகிறது.
ஒக்டோபரை மடித்து
நிலாவெளிக் கோப்புக்குள் செருகினாள்.
"அந்த றோட்டில் கம்பியாவது இருக்குமா?" என்றேன்.
"சுவர் இருக்கு. இடுப்புயரம். தேடிப் பாத்திட்டன்."
யாருடைய இடுப்பு என்று கேட்க வாயெடுத்தேன்.
வாசலில் ஆள் வந்துவிட்டது,
எல்லைக்கல்லைப்
பக்கத்து வீட்டுக்காரன் நகர்த்திவிட்டானென்று.