உள்பக்கக் கறை

மனாமாவில், ஸீஃப் பக்கம்,
முப்பத்தோராம் மாடிக்கு வெளியே
என் அலுவலகம்:
ஒரு பலகை, இரண்டு கயிறு, ஒரு வாளி.

பகலில் அந்தக் கண்ணாடி
எங்களுக்குக் காட்டுவது எங்களைத்தான்.
உள்ளே இருப்பவருக்கு நாங்கள் தெரிவோம்.
எங்களுக்கு எங்கள் தலைக்கவசம்,
முதுகுக்குப் பின்னால் கிடக்கும் கடல்,
துடைக்கக் கை ஒழியாத மூக்கு.

போன ரமலான் முடிந்ததும்
தலைக்கவசத்தில் ஒரு கண் வைத்தார்கள்.
பொட்டளவுதான்.
சாயங்காலம் ஆளுக்கொரு நிறம் தரும்:
பச்சை, மஞ்சள், சிவப்பு.
யார் தருகிறார் என்று கேட்டால்
சூப்பர்வைசர் விரலை மேலே காட்டுவார்.
மேலே பார்த்தால் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்.

சேர்மக்கனிக்கு மூன்று நாள் சிவப்பு.
குற்றம்: பதினொரு நிமிடம் சும்மா இருந்தது.
அவன் சும்மா இருக்கவில்லை.
வடமேற்கிலிருந்து காற்று ஏறிக்கொண்டிருந்தது,
கயிறு சொல்வதை
உள்ளங்கையால் கேட்டுக்கொண்டிருந்தான்.
கேட்டதால்தான் பக்கத்துப் பலகை ஷஃபிகுல்
இன்றைக்கும் சோறு தின்கிறான்.
சம்பளத்தில் ஆறு தினார் போனது.

வாக்கி டாக்கிக்குள்ளும் அதுவே உட்கார்ந்திருந்தது.
‘இறக்கு, இறக்கு’ என்று கத்தினால்
யாரோ இறக்கிறார் என்று எழுதிவிடும்.
ஒரே வாரத்தில் இரண்டு ஆம்புலன்ஸ்.
டேக் பகதூரின் நேபாளியை
இருமல் என்று குறித்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சல்மாபாத் கேம்ப் மெஸ்ஸில்
பெஞ்சுகளைத் துடைத்துப் போட்டார்கள்.
உங்கள் கருத்து வேண்டும் என்று
ஹவ்ரா என்றொரு பெண் வந்திருந்தார்.
அந்தக் கண்ணைச் செய்தவர்களில் ஒருவர்.
ஆளுக்கொரு ஜூஸ், ஆளுக்கொரு தாள்.
தாளில் மூன்று முகம்:
சிரிப்பது, சும்மா இருப்பது, அழுவது.
ஒன்றில் வட்டம் போட வேண்டுமாம்.

புகாரி நான்காவதாக ஒரு முகம் வரைந்தான்.
கண் இருந்தது, வாய் இல்லை.

அந்தப் பெண் அதை வெகுநேரம் பார்த்தார்.
தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.
“சரி, சொல்லுங்கள்.”

பேசினோம்.
பேசினோம் என்றால், பதினேழு பேரும் ஒரே நேரத்தில்.
ஈரத்துணி எவ்வளவு சீக்கிரம் கனம் குறைகிறதோ
அதுதான் வெயிலின் அளவு.
கயிறு ‘ங்’ என்றால் போகலாம்,
‘ஞ்’ என்றால் நில்.
நிற்பதும் வேலைதான், மேடம்.

ஒரு இடத்தில் அவர் பேனா நின்றது.
“இந்தச் சிவப்பு ஏன் விழுந்ததென்று
எனக்கே முழுசாகத் தெரியாது.”

பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்போம்.
அவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.
அதற்கு என்ன படுவதென்று
எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை.
ஜூஸ் குடித்தோம்.

நான்தான் சொன்னேன்,
ஒருநாள் மக்ரிப் பாங்குக்கு அப்புறம்
கட்டடத்துக்கு வாருங்கள் என்று.
வந்தார்.
வெளியே இருட்டி, உள்ளே விளக்கு எரிந்தது.
பகலெல்லாம் எங்கள் முகத்தை
எங்களிடமே திருப்பி எறிந்த கண்ணாடி
வழிவிட்டு நின்றது:
நாற்காலிகள், வயர்கள்,
பாதி குடித்த காவா,
திரையில் வரிசையாக எங்கள் நம்பர்கள்.

“இவ்வளவுதான் கேட்கிறோம்,” என்றேன்.
“உள்ளே விளக்கைப் போடுங்கள்.”

சேர்மக்கனி வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.
கீழ்த்தளக் கண்ணாடியின் ஓரத்தில்
ஐந்து விரல் எண்ணெய்க் கறை.
இரண்டு வருடமாகத் தேய்த்தும்
போகாத கறை.
நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.
உள்பக்கம்.
அட, என்று சிரித்தான்.
அப்புறம் சிரிக்கவில்லை.

இனி சிவப்பு விழுந்தால் காரணம் எழுதி வருமாம்,
அவரவர் பாஷையில்.
எது சும்மா, எது வேலை என்று பிரிக்கிற மேசையில்
புகாரிக்கும் சேர்மக்கனிக்கும் நாற்காலி உண்டாம்.
உள்ளே போக பாஸ் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.
இன்னும் வரவில்லை.

சேர்மக்கனி புதுத்துணி ஒன்றை அலசி
பங்க் கட்டில் கம்பியில்
காயப்போட்டு வைத்திருக்கிறான்.